கரைக்கு ஒருவர், படகுக்கு ஒருவர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்நேரம் ஒன்று புரிந்திருக்கும். தூண்டில் போட ஆட்களை ஏரிக்குக் கூட்டிப் போகும் நம் தொழிலில், போனை எடுத்ததும் வரும் முதல் கேள்வி மீனைப் பற்றியதாக இருக்காது. "கரையிலேர்ந்து போடறது பெட்டரா, படகுலேர்ந்து போடறது பெட்டரா?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பீர்கள். கரை என்றால் சுலபம், குழந்தைகளைக் கூட்டி வரலாம், கால் வலித்தால் நடக்கலாம். படகு என்றால் ஆழத்துக்குப் போகலாம், பெரிய மீன் கிடைக்கலாம், வெயில்தான் மண்டையைப் பிளக்கும். நானும் நெடுநாள் இப்படித்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்டவர் கேட்டது அதை இல்லை.

நான் அடுகோடிக்காரி. பிரேசர் டவுனில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் பில் போட உட்கார்ந்தவள். முதலாளிக்கு ஒருநாள் திடீரென்று யோசனை வந்தது, வாடிக்கையாளர்களை வார இறுதியில் ஏரிக்கே கூட்டிப் போனால் என்ன என்று. தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவரின் ஏரியைப் பேசி முடித்தார். சின்னப் படகு ஒன்றும் வாங்கினார். வாங்கிய பிறகுதான் கடையில் யாருக்கும் துடுப்புப் போடத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கல்யாணத்துக்கு முன்னால் மேட்டூரில் இருந்தேன், அவ்வளவுதான். பில் போட்டவள் கைடு ஆனேன். முழங்கால் மக்கர் செய்யும்வரை அதே வேலைதான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு மனுஷர் ஒரு காரியத்தைச் செய்தால் ஏன் செய்கிறார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏரிக்குப் போக ஆரம்பித்ததுமே ஒன்றைக் கவனித்தேன். கரையில் நிற்பவர், கையில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி நடு ஏரியைப் பார்த்து வீசுவார். படகில் போகிறவர், நடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும் கரையோரப் புல்லைப் பார்த்து வீசுவார். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே கம்பெனிப் பையன்கள், பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் படகில், ஒருவர் இருக்கும் இடத்தை இன்னொருவர் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

காலை வேளையில் மீன் பெரும்பாலும் கரையோரப் புல்லடியில்தான் மேயும். அதாவது கரையில் நிற்பவரின் காலுக்குப் பக்கத்தில். அவரோ அதன் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருப்பார். எடுத்துச் சொன்னால் "ஓ, அப்படியா மேடம்" என்று தலையாட்டிவிட்டு ரெண்டு தடவை கிட்டத்தில் போடுவார். அப்புறம் கை தானாக நடு ஏரிக்குப் போய்விடும். இந்தத் தப்பை வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை. காய்கறிக் கடையில் நிற்பவர் பக்கத்தில் இருக்கும் தக்காளியை விட்டுவிட்டு எதிர்க்கடைத் தக்காளிக்குக் கை நீட்டமாட்டார், பாருங்கள்.

ஆகவே இவர்கள் கரையையும் படகையும் மீனை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. வேறு எதை வைத்து? அங்கேதான் என் மூளை அரிக்க ஆரம்பித்தது. ஒருவர் படகு கேட்டார், நடு ஏரியில் போன் சிக்னல் கிடைக்காது என்பதற்காக. மேனேஜர் தொல்லை. புது மாப்பிள்ளை ஒருவர் கரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், தனக்கு நீச்சல் தெரியாது என்பது மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். இப்படி ஆளுக்கொரு காரணம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் ஆட்களை இடம் பிரித்து உட்கார வைக்க ஆரம்பித்தேன். அதில் நான் மிகவும் திணறிப்போன காலை ஒன்று உண்டு. உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ரோஸ்லின் என்று ஒரு அம்மா பிரேசர் டவுனிலிருந்து போன் செய்தார். அவருக்கும் கணவர் அருள்தாஸுக்கும் சனிக்கிழமை இடம் வேண்டும். "கரைதான் சிஸ்டர். படகு வேணவே வேணாம். அவரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடுங்க." சரி என்றேன். அன்று சாயங்காலமே இன்னொரு போன். ஆண் குரல், பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அமுக்கிப் பேசியது. "ஏம்மா, அருள்தாஸ் பேசறேன். சனிக்கிழமைக்கு ஒரு படகு போட்டு வச்சிரு. வீட்ல சொல்ல வேணாம், நான் அங்க வந்து சமாளிச்சிக்கறேன்." ஒரே வீட்டிலிருந்து கரைக்கு ஒரு முன்பதிவு, படகுக்கு ஒரு முன்பதிவு. என் கெட்ட பழக்கத்துக்குத் தின்பண்டம் கிடைத்த மாதிரி ஆயிற்று. இரண்டையும் ரத்து செய்யாமல் அப்படியே வைத்தேன்.

சனிக்கிழமை வந்தார்கள். காரிலிருந்து இறங்கும்போதே விஷயம் கொஞ்சம் புரிந்தது. அருள்தாஸ் நெடுநெடுவென்று இருப்பவர், ரிட்டையர் ஆன மனுஷர், தொப்பியும் சொந்தத் தூண்டிலுமாக ஷோக்காக வந்திருந்தார். ரோஸ்லினின் கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தது. அவர் தூண்டிலை எடுக்கக் குனிந்தால் கையும் குனிந்தது. அவர் நிமிர்ந்தால் கையும் நிமிர்ந்தது. அவருக்கு உள்காதில் ஏதோ கோளாறு என்று அந்த அம்மா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் தலைசுற்றல் வரும். வந்தால் உலகமே சுழலும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். டாக்டர் உயிருக்கு ஆபத்தில்லை என்றுதான் சொன்னார், விழுந்து அடிபட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். "பாத்துக்கறதுன்னா எப்படி சிஸ்டர்? எந்த நேரம் வரும்னு தெரியாதே. மார்க்கெட்டுக்குப் போனா கூடப் போறேன். மாடிக்குப் போனா கூடப் போறேன். எனக்கு ஒழுங்காத் தூக்கமே இல்ல."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் அருள்தாஸ் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய் நின்றார். அப்புறம் அங்கே நடந்தது முழுச் சண்டை.

"தண்ணி நடுவுல தலை சுத்துனா என்னங்க பண்ணுவீங்க?"

"கரையில சுத்துனா மட்டும் என்ன பண்ணுவேன்? சுத்தத்தான் போவுது. எங்க சுத்துனா என்ன?"

"கரையில நான் இருக்கேன்."

"அதான் பேஜாரே" என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். அந்த அம்மாவுக்கும் கேட்டது. முகம் சிறுத்துப்போனது.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தலைசுற்றல் உள்ளவரைப் படகில் ஏற்றக் கூடாது, அது நம் விதி. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவரும் கரையில் உட்காருவார். ஆனால் மத்தியானம்வரை அந்த ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் நமக்குத் தெரியாத எங்கேயாவது, கைடும் இல்லாமல் ஜாக்கெட்டும் இல்லாமல், படகில் ஏறினாலும் ஏறுவார். பிடிவாதக்காரரை முகத்தில் பார்த்தால் தெரியாதா என்ன?

அவரிடம் போனேன். "சார், படகுல உங்கள ஏத்த முடியாது. அது வேற. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. படகுல அப்படி என்ன இருக்கு? பெரிய மீனா?"

"மீனு கெடக்குது போ."

"அப்புறம்?"

அவர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார், "படகுல உக்காந்தா முதுகுக்குப் பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்கம்மா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனுஷர் படகைக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பிடிக்காமல் உட்கார ஓர் இடம் கேட்கிறார். அது படகில்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நடு ஏரிக்கு வீசுகிறவர்கள் எல்லாரையும் போலத்தான்.

நான் சொன்னேன், "சரி. சார் கரையில இருக்கட்டும். அம்மா, நீங்க படகுல வாங்க."

இருவரும் சண்டையை மறந்து ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். ரோஸ்லினுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அல்சூர் ஏரியில் படகு விட்ட காலத்தில்கூட ஏறியதில்லையாம். "நானா? எனக்கு மீன் கழுவத்தான் தெரியும் சிஸ்டர்" என்றார். நான் விடவில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு யாரையும் தனியாக உட்கார வைத்துவிடாதீர்கள். நான் செய்ததை ஒழுங்காகக் கேளுங்கள். தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி, புங்க மரத்தடியில், சமதரையில் நாற்காலி போட வைத்தேன். அந்த ஓரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கழற்றக் கூடாது என்று சொல்லி ஜாக்கெட்டை அருள்தாஸ் உடம்பிலேயே விட்டேன். கழுத்தில் விசில் மாட்டினேன். பம்ப்செட் பக்கம் தோட்டத்துக் காவல்காரர் இருந்தார். கூப்பிட்டால் வரும் தூரம். அவர்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஆராமாகி கூத்கொள்ளி சார்" என்று நிம்மதியாக உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். நானும் படகைக் குரல் எட்டும் தூரத்துக்கு அப்பால் கொண்டுபோவதில்லை என்று ரோஸ்லினுக்கு வாக்குக் கொடுத்தேன்.

"தரையில உக்காந்தவனுக்கு லைஃப் ஜாக்கெட்டாம்" என்று அருள்தாஸ் முறைத்தார். ஆனால் நாங்கள் படகைத் தள்ளியபோது அவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்ட பையனுக்கு இருக்கும் முகம்.

படகில் ரோஸ்லின் கரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ரெண்டு கையும் படகின் விளிம்பைப் பிடித்து வெளுத்துப்போயிருந்தன. கண் மரத்தடியை விட்டு நகரவில்லை. எனக்கு அவரைப் பார்த்தும் பாவமாக இருந்தது. அந்தக் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்று ஒரு தூண்டிலைத் திணித்தேன். எப்படி வீசுவது என்று காட்டினேன். அவர் வீசினார், நேராகக் கணவர் இருந்த திசையில்.

"ஏன் அம்மா அந்தப் பக்கம்?"

"அங்கதானே சிஸ்டர் அவரு இருக்காரு."

எல்லா இடமும் இருக்க ஏன் கரையைப் பார்த்து வீசுகிறீர்கள் என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேரான பதில் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதே சமயம் அங்கிருந்து அருள்தாஸ் எழுந்து நின்று எங்களை நோக்கி வீசினார். நடு ஏரி என்றால் நாங்கள்தானே. இரண்டு தக்கைகளும் ஒன்றுக்கொன்று கொஞ்ச தூரத்தில் மிதந்தன.

ரோஸ்லினின் தக்கைதான் முதலில் அமுங்கியது. உள்ளங்கை அளவு ஜிலேபி மீன்தான். ஆனால் அந்த அம்மா போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்கு பறந்துவிட்டது. கரையிலிருந்து உத்தரவுகள் பறந்தன. "சுத்து ரோசு! ஜாஸ்தி சுத்தாத! தூண்டி நரம்ப லூஸ் விடு! சொல்ப இரு, கொஞ்சம் இரு!" மீன் படகுக்குள் வந்து துள்ளியபோது ரோஸ்லின் அதைப் பிடிக்கப்போய், அது நழுவ, என் மடியில் விழ, ரெண்டு பேரும் சிரித்தோம். வாயிலிருந்த தூண்டில் முள்ளை எடுத்து மீனைத் தண்ணீரில் விட்டோம். உடனே இன்னொரு மண்புழுவைக் கோக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நாங்கள் ரெண்டு பேருமே கரையைப் பார்க்கவில்லை.

பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அருள்தாஸ் தரையில் இருந்தார். மரத்தில் முதுகைச் சாய்த்து, ரெண்டு கையாலும் மண்ணைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடியிருந்தார். தூண்டில் ஓரமாகக் கிடந்தது. நான் துடுப்புகளை எடுத்துவிட்டேன். மூளைக்கு முன்னால் கை போய்விட்டது. அப்போது ரோஸ்லினின் கை என் கைமேல் விழுந்தது.

"இருங்க."

"அம்மா, அவரு..."

"தெரியுது. அதேதான் வந்திருக்கு." அவர் கை என் கையை விடவில்லை. "விழல சிஸ்டர், பாருங்க. தூண்டில ஓரமா வச்சிருக்காரு. அவரே எறங்கி உக்காந்திருக்காரு. விசில் ஊதல. இருங்க."

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் வேறில்லை, பிள்ளைகளா. துடுப்புப் போட்டால் நாம் ஏதோ செய்கிறோம் என்று நமக்கு ஆறுதல். நாளைக்கு யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. ஆனால் அந்த நோயோடு தினமும் குடித்தனம் பண்ணுகிறவர் என் பக்கத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் என்னால் முடியவில்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒன்று செய்தேன். படகின் மூக்கைக் கரைப் பக்கம் திருப்பி, தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் மெல்ல மெல்லக் கிட்டே போனேன். ரெண்டு இழுப்பில் தரை தட்டும் தூரத்தில் நிறுத்தினேன். அவர் தலை சாய்ந்தாலோ, விசில் கேட்டாலோ, காவல்காரரையும் கூப்பிட்டு நானும் பாய்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ரோஸ்லினின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தது.

அருள்தாஸ் கண்ணைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, எதிரே ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைத் தேடித் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்தார். அப்புறம் மரத்தைப் பிடித்து எழுந்து, நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். அடுத்து அவர் ஏரிப் பக்கம் பார்ப்பார் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"திரும்புங்க சிஸ்டர், திரும்புங்க" என்றார் ரோஸ்லின். ஒரு துடுப்பை மட்டும் அழுத்தினேன். படகு சுழன்றது. அந்த அம்மா கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூண்டிலை எடுத்து, மீனே இல்லாத எதிர்ப்பக்கமாக வீசினார். முகமெல்லாம் கண்ணீர். தூண்டிலை மட்டும் ரொம்ப மும்முரமாகப் பிடித்திருந்தார். நானும் தக்கையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறியதும் கரைக்கு வந்தோம். அருள்தாஸ் எழுந்து வந்து படகின் கயிற்றை வாங்கிக்கொண்டார். என்னிடம் சொல்வதுபோல மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார், "நடுவுல ஒரு தடவ வந்துச்சும்மா. நல்லா சுத்துச்சு. நானே எறங்கி உக்காந்தேன். நானே எந்திரிச்சேன்."

"அப்படியா?" என்றார் ரோஸ்லின், செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே. "எனக்குத் தெரியவே தெரியாதே. நான் மீனு ஞாபகத்துல இருந்துட்டேன்."

அருள்தாஸ் என்னைப் பார்த்தார். "நீயும் பாக்கலியா?"

வாடிக்கையாளரிடம் பொய் சொல்லாதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நான், "இல்லையே சார், நான் படகைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாத நான் அதை மட்டும் கேட்கவில்லை.

கார் நின்ற இடத்துக்கு ஒரு மேட்டில் ஏறிப் போக வேண்டும். அருள்தாஸ் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ரோஸ்லின் ஒரு அடி எடுத்து வைத்தவர் நின்றார். திரும்பி வந்து, வழக்கமாகக் காவல்காரரே எடுத்துவைக்கும் அந்த நாற்காலியை மடிக்க ஆரம்பித்தார். மடக்குகிற தாழ்ப்பாள் அவருக்குப் பிடிபடவில்லை. நான் உதவப் போனேன்.

"விடுங்க சிஸ்டர்" என்றார், மேட்டுப் பக்கம் திரும்பாமல். "மெதுவா மடிக்கலாம். அவரு தனியா மேடு ஏறிப் போகட்டும்."